ஆத்த எதிர்த்து அவ்ளோ சரக்கோட எப்படிப் போனாங்க? நம்ம பரிசலும் பீவர் வேட்டைப் படகும்

கொள்ளிடக்கரை எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். எங்க ஊரு நீலத்தநல்லூர் பக்கம். மதனத்தூர் பாலம் வர்றதுக்கு முன்னாடி கொள்ளிடத்துக்கு அக்கரை போகணும்னா தண்ணி இல்லாதப்ப மணல்ல நடக்கணும், தண்ணி வந்துட்டா ஓடமோ பரிசலோதான். எங்க தாத்தா பரிசல் போட்டவரு. அவரு கடைசியா கட்டுன பரிசல் இன்னமும் மாட்டுக்கொட்டாயில கவுத்துப் போட்டுக் கெடக்கு, மூங்கில் பத்தையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, மேல ஒட்டுன சாக்கும் தாரும்தான் வெடிச்சுப் போச்சு.

போன வாரம் எங்க அக்கா மவன், அமெரிக்கால நார்த் டகோட்டாங்கற எடத்துல வேல பாக்குறான், ஒரு மியூசியத்துல எடுத்தேன் மாமான்னு வாட்ஸாப்புல ஒரு போட்டோ அனுப்புனான். பாத்ததும் எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் ஓடல. அப்படியே நம்ம பரிசல். வட்டமா, குச்சிய குறுக்க நெடுக்க வளச்சுக் கட்டி, மேல தோல் போத்தி. எங்கம்மாகிட்ட காட்டுனேன், "இது யாரு வூட்டுப் பரிசலு, ஏன் இவ்ளோ சின்னதா கட்டிருக்காங்க"ன்னுச்சு. அந்தப் போட்டோக்குப் பக்கத்துல பீவர்னு அங்க ஆத்துல வாழற ஒரு மிருகத்தோட தோலுக்காக ஆத்துல படகு வுட்டுட்டுப் போனவங்க, தங்கம் தேடிப் போனவங்க பத்தியெல்லாம் போர்டுல எழுதிருந்துச்சாம், அவன் பாதிதான் படிச்சானாம்.

எனக்கு ஒரே கேள்விதான். ஆத்தோட போறது யாரு வேணா போவாங்க. எங்க தாத்தா அக்கரைக்குப் போறதுக்கே பரிசல தலையில கவுத்துக்கிட்டு கரையோட ரெண்டு பர்லாங் மேக்க நடந்து போயி, அங்கேர்ந்து எறக்குவாரு, அப்பத்தான் தண்ணி இழுத்துக்கிட்டுப் போயி சரியா எதுத்தாப்ல உள்ள துறையில வுடும். எதுத்துத் தள்ள முடியாதுன்னு அவருக்குத் தெரியும். அப்படி இருக்க ஆயிரம் மைல் ரெண்டாயிரம் மைல்னு ஆத்த எதிர்த்து, மாசக்கணக்குல சாப்பாடு, துப்பாக்கி, பொறி எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு எப்படிப் போனாங்க? இஞ்சின் கெடையாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வடவாறு வாத்தியார் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. முப்பது வருஷம் புவியியல் நடத்துனவன், என்னைய யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்ல, அதனால கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போறேன்.

நீங்க பாத்தது புல்போட். காளை படகுன்னு அர்த்தம், அங்க உள்ள காட்டெருமைத் தோல போத்துறதால அந்தப் பேரு. மிசௌரி ஆத்தங்கரையில குடியிருந்த மண்டான், ஹிடாட்சா, அரிக்காரான்னு பழங்குடி மக்கள் கட்டுனது. வில்லோ மரக்குச்சி, அது நம்ம ஆத்து நொச்சி மாதிரி வளையும். முடி இருக்குற பக்கம் வெளிய வர்ற மாதிரி ஒரே தோல இழுத்துக் கட்டுவாங்க, வால கூட வெட்ட மாட்டாங்க. பெரும்பாலும் பொம்பளைங்கதான் கட்டுவாங்க, அவங்கதான் ஓட்டுவாங்க, ஆத்துல எறக்கிட்டு அக்கரை போனதும் முதுகுல மாட்டிக்கிட்டு வூட்டுக்குப் போயிருவாங்க. ஒரே தோல்ல கட்டுறதால அவ்ளோ லேசு.

இப்ப ஒங்க கேள்விக்கு வர்றேன். புல்போட்ல யாரும் எதிர்த்துப் போகல. அங்கயும் ஒங்க தாத்தா மாதிரிதான், அது கடக்குறதுக்கும் ஆத்தோட எறங்குறதுக்கும். மேல போறதுக்கு கீல் போட்னு ஒரு பெரிய மரப்படகு இருந்துச்சு. 1804ல அமெரிக்க அரசாங்கம் மேக்க வழி பாத்துட்டு வரச் சொல்லி அனுப்புன லூயிஸும் கிளார்க்கும் செயின்ட் லூயிஸ் பக்கத்துலேர்ந்து மிசௌரியில மேல போனாங்கள்ல, அவங்க பெரிய படகு 55 அடி நீளம். காத்து தோதா அடிச்சா பாய் விரிப்பாங்க. இல்லன்னா துடுப்பு. தண்ணி கொறச்சலா இருந்தா ரெண்டு பக்கமும் வரிசையா நின்னு நீளக் கழிய ஆத்துக்குள்ள ஊனி தோள்பட்டைய அதுல குடுத்து முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும் நடப்பாங்க, இவங்க பின்னால நடக்க நடக்க படகு முன்னால போகும். எதுவுமே ஆவலன்னா கயிறு. கார்டெல்னு சொல்லுவாங்க, படகு பாய்மரத்துல கட்டுன நீளக் கயித்த இருவது முப்பது பேரு கரையில இழுத்துக்கிட்டே சேத்துலயும் முள்ளுலயும் இடுப்பளவு தண்ணியிலயும் நடக்கணும், கரை இடிஞ்சு விழும், அடியில புதைஞ்ச மரக்கட்டையில படகு மாட்டும்.

எங்க அப்பாயிக்கு தோப்புத்துறை. வேதாரண்யம் கால்வாயில உப்புத் தோணிய அந்த மாதிரிதான் கரையில கயிறு போட்டு இழுத்துக்கிட்டு வருவாங்கன்னு சொல்லும். 1860கள்ல வெட்டுன கால்வாய் அது, ஆனா அங்க ஓட்டமே கெடையாது, தேங்குன தண்ணி. மிசௌரியில ஓட்டத்த எதுத்து இழுத்துருக்காங்க.

கணக்கு சொல்றேன் பாருங்க. 1804 மே 14 கெளம்புனவங்க மண்டான் ஊருங்களுக்குப் போயிச் சேந்தது அக்டோபர் கடைசி, அஞ்சு மாசத்துக்கு மேல. அதே எடத்துலேர்ந்து 1806ல திரும்புனாங்க, ஆகஸ்ட் 17 கெளம்பி செப்டம்பர் 23 செயின்ட் லூயிஸ் வந்தாச்சு. 37 நாள். அதே ஆறு, போறதுக்கும் வர்றதுக்கும் வித்தியாசம் இவ்ளோ.

அவங்க பின்னாலயே தோல் வியாபாரிங்க கெளம்பிட்டாங்க. 1807லயே மானுவல் லீசான்னு ஒருத்தரு கீல் போட்ட மேல இழுத்துட்டுப் போயி எல்லோஸ்டோன் ஆத்துல பிக்ஹார்ன் வந்து சேர்ற எடத்துல ஒரு கோட்டை கட்டிட்டாரு.

ஒண்ணு மட்டும் சொல்லிட்டு முடிக்கிறேன், ஒங்க பரிசல்ல தார் வெடிச்சுப் போச்சுன்னீங்களே, அதப் படிச்சதும் ஞாபகம் வந்துச்சு. லூயிஸ் இரும்புச் சட்டம் போட்ட ஒரு படகு செஞ்சு எடுத்துட்டுப் போனாரு, மேல போனதும் தோல் போத்திக்கலாம்னு. 1805 ஜூலையில கிரேட் ஃபால்ஸ் அருவிக்கு மேல வச்சு 28 எல்க் மான் தோலு, 4 காட்டெருமைத் தோலு தச்சு போத்துனாங்க. சுத்துவட்டாரத்துல பைன் மரம் இல்ல, அதனால பிசின் கெடைக்கல, கரித்தூளும் மெழுகும் கொழுப்பும் கலந்து பூசுனாங்க. மொதல்ல அழகா மிதந்துச்சு, சாயங்காலத்துக்குள்ள பூசுனது உரிஞ்சு தையல் தையலா தண்ணி பூந்துருச்சு. முடிய சுத்தமா எடுக்காத எருமைத்தோல் இருந்த எடம் மட்டும் தாங்குச்சு. பழங்குடிப் பொம்பளைங்க முடியோட தோல் போத்துனது எதுக்குன்னு அன்னைக்குப் புரிஞ்சிருக்கும்.

கிட்டிக்காரர் மவன் எழுதியது:

வாத்தியார் அய்யா அருமை. ஒரு திருத்தம் மட்டும், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. பல எடத்துல பீவர நீர்நாய்னு மொழிபெயர்த்து எழுதுறாங்க. அது வேற இது வேற. நீர்நாய் நம்ம கொள்ளிடத்துலயே இருக்கு, மீன் திங்கும், சங்கப் பாட்டுலயே வாளை மீன் பிடிக்கிற நீர்நாய் வருது. பீவர் எலி அணில் சாதி. மரப்பட்டை திங்கும், மீன தொடாது. பல்லால மரத்த அறுத்து ஆத்துக்குக் குறுக்க அணை கட்டும். 20 கிலோ வரைக்கும் சாதாரணமா வளரும், வாலு துடுப்பு மாதிரி தட்டையா இருக்கும்.

எங்கப்பா மன்னார்குடி பக்கம் வயல்ல எலிக்கு கிட்டி வச்சவரு. தஞ்சாவூர் கிட்டின்னே பேரு, மூங்கில் வில்லு. சாயங்காலம் வரப்புல வளைக்குப் பக்கத்துல நெல்லுப் பொரி வச்சு நட்டுட்டு வருவாரு, விடியக்காத்தால போயி எடுப்பாரு, வால எண்ணிக் காசு. அதனால பீவர எப்படிப் புடிச்சாங்கன்னு தேடித் தேடிப் படிச்சேன், தொழில் ஒண்ணாத்தான் இருக்கு.

பொறி இரும்பு, ரெண்டு தாடை, ஸ்பிரிங். அத கரையோரம் தண்ணிக்குள்ள ஒரு நாலு விரக்கட ஆழத்துல வைப்பாங்க. அதுக்கு மேல ஒரு குச்சிய சாச்சு நட்டு, குச்சி நுனியில பீவரோட ஒடம்புலேர்ந்தே எடுக்குற ஒரு வாசன பசைய தடவுவாங்க, கஸ்டோரியம்னு பேரு. வேற பீவர் நம்ம எடத்துக்கு வந்துருச்சான்னு மோந்து பாக்க வரும், கால் பொறியில மாட்டும். பொறிச் சங்கிலிய ஆழமான பக்கம் கம்புல கட்டிருப்பாங்க, அது ஆழத்துக்கு முங்கும், மேல வர முடியாது. மனுச வாட இருக்கக் கூடாதுன்னு பொறி வைக்கிறவன் கரையில கால் வைக்காம தண்ணிக்குள்ளயே நடந்து வந்து வைப்பான். மலையில பனி உருகி வர்ற தண்ணி அது. குளிர் காலத்துலயும் வசந்தத்துலயும்தான் தோல் அடர்த்தியா இருக்கும்ங்கறதால அந்த நேரத்துலதான் எறங்கியாவணும். வயசானப்ப மூட்டெல்லாம் போயிருமாம். எங்கப்பாக்கு சேத்துலயே நின்னு நின்னு கால் ஆடுசதை மரத்துப் போச்சு, எனக்கு அது படிக்கையிலயே அவரு காலுதான் கண்ணுக்கு வந்துச்சு.

உரிச்ச தோல வில்லோ குச்சிய வளையமா வளச்சு அதுல இழுத்துத் தச்சு காயப்போடுவாங்க, வட்டமா தட்டு மாதிரி இருக்கும். அத அமுக்கி 90 பவுண்டு கட்டா கட்டி படகுல ஏத்துவாங்க.

கொள்ளிடக்கரை எழுதியது:

அய்யா, அண்ணே, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கழிய தோள்ல குடுத்து நடக்குறத எங்கம்மாகிட்ட படிச்சுக் காட்டுனேன், தாத்தாக்கு வலது தோள்ல காய் காச்சு கல்லு மாதிரி இருக்கும்னு இன்னைக்குத்தான் சொல்லுது, எனக்குத் தெரியவே தெரியாது.

இன்னொரு சந்தேகம். கயிறு போட்டு இழுக்குறது சரி. நடுவுல அருவி வந்தா? பாறையா இருந்தா? அப்ப என்ன பண்ணுவாங்க? அப்புறம் அவ்ளோ கஷ்டப்பட்டுப் புடிக்கிற தோல வச்சு என்னதான் பண்ணுனாங்க, கம்பளியா?

பீஸ் ரிவர் மாயவரத்தான் எழுதியது:

கொள்ளிடக்கரை தம்பிக்கு, கேள்வியப் பாத்ததும் எழுதாம இருக்க முடியல. மாயவரத்துல பொறந்து வளந்தவன், இப்ப கனடால ஆல்பர்ட்டா வடக்க பீஸ் ரிவர்ங்கற ஊர்ல இருக்கேன். எங்க ஊரு வழியா ஓடுற ஆத்துக்கும் அதே பேரு. நீங்க கேக்குற கதை எங்க வாசல்ல நடந்தது.

மொதல்ல தோல் எதுக்குன்னு. தொப்பிக்கு. ஐரோப்பால ஆம்பளைங்க போட்ட ஃபெல்ட் தொப்பி. பீவருக்கு மேல நீளமான முரட்டு முடி, அதுக்கு அடியில மெத்துன்னு ஒரு பஞ்சு முடி. அந்தப் பஞ்சு முடிய நுணுக்கிப் பாத்தா சின்னச் சின்ன கொக்கி இருக்கும், வெந்நீர்ல போட்டுத் தேய்க்க ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு நெய்யாத துணி ஆயிரும், மழைக்கு நனையாது. அந்த மேல் முடிய எடுக்குறது கஷ்டம்ங்கறதால பழங்குடி மக்கள் ஒரு வருஷம் ஒடம்புல போத்தித் தேஞ்சு போன தோலுக்குத்தான் ஆரம்பத்துல மதிப்பு அதிகம். இதுக்காகவே 1670ல லண்டன்ல ஹட்சன்ஸ் பே கம்பெனிக்கு ராஜா பட்டயம் குடுத்தாரு. அவங்க கணக்கே பீவர்லதான், ஒரு நல்ல தோலுக்கு இத்தன கத்தி, இவ்ளோ துணின்னு வெல.

இனி அருவி. அங்க கீல் போட்டெல்லாம் செல்லாது, அதனால இந்தப் பக்கம் பிர்ச் மரப்பட்டையில செஞ்ச கனோங்கற லேசான படகு. பட்டைய உரிச்சு, ஸ்ப்ரூஸ் மர வேர நூலாக்கித் தச்சு, தையல் மேல மரப்பிசின் காச்சி பூசுவாங்க. பெரிய ஏரிக்கு உள்ளது 36 அடி, வடக்க சின்ன ஆத்துக்கு உள்ளது 25 அடி. கல்லுல ஒரசுனா கிழியும், ஆனா வழியில உள்ள மரத்த வச்சே ஒட்டுப் போட்டுக்கலாம். தெனம் சாயங்காலம் கரையில கவுத்து பிசின் பூசுறதே ஒரு வேல. பாறையோ அருவியோ வந்தா எல்லாத்தையும் எறக்கி, சரக்க முதுகுல தூக்கி, கனோவ தோள்ல தூக்கி, அந்தப் பக்கம் போயி மறுபடி ஏத்தணும். போர்ட்டேஜ்னு பேரு. ஒரு மூட்டை 90 பவுண்டு, சுமார் 41 கிலோ. ஒரு ஆளு ஒரு நடைக்கு ரெண்டு மூட்டை. நம்ம ஊர்ல சும்மாடு கட்டி தலையில வைப்போம், இவங்க ஒரு தோல் பட்டைய நெத்தியில மாட்டி மூட்டைய முதுகுல தொங்க வுட்டுக்கிட்டு குனிஞ்சு ஓட்டமும் நடையுமா போவாங்க. சுப்பீரியர் ஏரிகிட்ட கிராண்ட் போர்ட்டேஜ்னு ஒரு எடம், எட்டரை மைல் அந்த மாதிரி தூக்கணும். கும்மோணத்துலேர்ந்து பாபநாசம் போற தூரம்னு வச்சுக்குங்க.

எங்க ஊர்க்கார ஆளு மாதிரி ஆயிட்டாரு அலெக்சாண்டர் மெக்கன்சின்னு ஒரு தோல் வியாபாரி. 1793 மே 9 இங்க பக்கத்துல உள்ள ஒரு கோட்டையிலேர்ந்து கெளம்புனாரு. 25 அடி கனோ ஒண்ணு, பத்து பேரு, ஒரு நாய், சரக்கு மட்டும் ஒன்றரை டன் கிட்ட. பீஸ் ஆத்த எதிர்த்து மேக்க. கொஞ்ச நாள்ல ஒரு கிடுகிடு பள்ளத்தாக்கு, ஆறு ரெண்டு பாறைச் சுவத்துக்கு நடுவுல கொதிச்சிக்கிட்டு ஓடும். என்ன பண்ணுனாங்க தெரியுமா, மலை மேல ஏத்திட்டாங்க கனோவ. போற வழியில மரத்த வெட்டி, வெட்டுன மரம் ரெண்டு பக்கமும் வேலி மாதிரி சாயற மாதிரி வழி பண்ணி, கயித்த மேல உள்ள அடிமரத்துல சுத்தி, ஒருத்தன் சுத்துப் பிடிக்க மத்தவங்க இழுக்க, அங்குலம் அங்குலமா. நம்ம ஊர்ல தேருக்கு முட்டுக்கட்டை போடுறவரு எப்படி ஒவ்வொரு சுத்துக்கும் பாத்துப் பாத்துப் போடுவாரு, அந்த மாதிரி கைவேலை. மேல போனதும் ஆறு ரெண்டா பிரியுது, வடக்க ஃபின்லே, தெக்க பார்ஸ்னிப். வடக்க போறதுதான் பெருசா நேரா தெரிஞ்சிருக்கு, ஆனா முன்னாடியே ஒரு வயசான பழங்குடிப் பெரியவரு தெக்க போன்னு சொல்லிவச்சாரு, அவரு சொன்னதக் கேட்டுத்தான் மலைய தாண்டி பசிபிக் கடலுக்குப் போனாரு. ஜூலை 22 அங்க ஒரு பாறையில பேரும் தேதியும் எழுதிவச்சாரு.

அந்த ஆறு ரெண்டும் சேர்ற எடம் இப்ப தண்ணிக்கு அடியில. 1960கள்ல கட்டுன பென்னட் அணை, வில்லிஸ்டன் ஏரி. மேட்டூர்ல தண்ணி வத்துனா பழைய கோயில் நந்தியும் சர்ச் கோபுரமும் வெளிய தெரியும்ல, நான் மொத தடவ வில்லிஸ்டன் ஏரிக்கரையில நின்னப்ப அதத்தான் நெனச்சேன். அந்த ஏரி நிறையறப்ப அங்க வாழ்ந்த செக்கேனி மக்களோட ஊரும் வேட்டைக் காடும் சேந்து முங்குச்சு.

இப்ப தங்கம். ஃபின்லே, பார்ஸ்னிப், ஓமினேக்கா பக்கமெல்லாம் 1860, 70கள்ல தங்கம் தேடுறவங்க வந்துட்டாங்க. பாதி பேரு ரெண்டு தொழிலும் பண்ணுனவங்க, குளிருக்கு பொறி வைக்கிறது, ஆறு தொறந்ததும் மணல் அரிக்கிறது. அவங்க போனது ஒடுக்கமா நீளமா ஒரு பலகைப் படகு. கழிக்கு அடியில இரும்புப் பூண். கரைய வுட்டு வெலகவே மாட்டாங்க, ஏன்னா கரையோரம் ஓட்டம் கம்மி, பாறைக்குப் பின்னாடி தண்ணி சுழிச்சு மேல் பக்கமா திரும்பும், அந்தச் சுழியில ஏறி அடுத்த பாறை, அங்கேர்ந்து அடுத்தது. ஒங்க தாத்தா இருந்திருந்தா ஒரு நாள்ல புடிச்சிருப்பாரு தம்பி, உண்மையாத்தான் சொல்றேன்.

கடைசியா கனடாவோட வடமேக்கு மூலையில உள்ள யூகான். 1896 ஆகஸ்ட்ல கிளாண்டைக் பக்கம் ஒரு ஓடையில தங்கம் கெடச்சுது, சேதி பரவ வருஷமாச்சு, 97 98ல ஒரு லட்சம் பேரு கெளம்புனாங்கன்னு சொல்லுவாங்க, போயிச் சேந்தது முப்பதாயிரம் நாப்பதாயிரம். சில்கூட் கணவாய தாண்டி பென்னட் ஏரிக்கரையில குளிர்காலம் பூரா மரம் அறுத்து படகு கட்டுனாங்க. மேல ஒருத்தன் கீழ ஒருத்தன் நின்னு இழுக்குற ரம்பம், கீழ நிக்கிறவன் கண்ணு பூரா மரத்தூளு. 1898 மே கடைசியில பனி ஒடஞ்சதும் ஏழாயிரத்துக்கு மேல படகு ஒண்ணா கெளம்பிருக்கு. படகே ஓட்டித் தெரியாத கடைக்காரங்க, குமாஸ்தாங்க. வொயிட்ஹார்ஸ் பக்கத்துல பாறை எறக்கத்துல மொத சில நாள்லயே சுமார் 150 படகு சுக்கல். அதுக்கப்புறம் சாம் ஸ்டீல்னு போலீஸ் அதிகாரி, தெரிஞ்ச ஓட்டி இல்லாம ஒரு படகும் எறங்கக் கூடாது, பொம்பளைங்க கொழந்தைங்க கரையோட நடந்து வரணும்னு உத்தரவு போட்டாரு. அந்த உத்தரவு எத்தன உசுர காப்பாத்துச்சுன்னு நெனச்சா எனக்கு அந்த மனுசன் மேல பெரிய மரியாத.

பத்தர் தெரு எழுதியது:

மாயவரத்து அண்ணா எழுதுனதப் படிச்சிட்டு வேல ஓடல. கும்பகோணம், தட்டார் வீடு. தங்கம் அரிக்கிறது பத்தி மட்டும் நான் சொல்றேன்.

எங்க வீட்ல பட்டறை கூட்டுன குப்பைய கொட்டவே மாட்டோம். அரிப்புக்காரங்க வந்து வாங்கிட்டுப் போவாங்க, தெருச் சாக்கடை மண்ண கூட அள்ளிட்டுப் போயி அரிப்பாங்க, நான் சின்னப் புள்ளையில திண்ணையில ஒக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். அங்க ஆத்துல பண்ணுனதும் அதேதான். எங்க அம்மா ரேஷன் அரிசியில கல்லு அரிக்கிறதும் அதேதான்! சட்டியில தண்ணி ஊத்தி லேசா ஆட்டி ஆட்டி சாச்சா அரிசி மேலோட போயிரும், கல்லு அடியில நிக்கும். தங்கம் தண்ணிய விட 19 மடங்கு கனம், மணல் ரெண்டரை மடங்கு சொச்சம்தான், அதனால மணல் போயி தங்கம் தங்கிரும். கடைசியில கருப்பா ஒரு மணல் மிஞ்சும், அது இரும்பு, காந்தத்துல எடுத்துரலாம். மாவு மாதிரி இருக்குற பொடித் தங்கத்துக்கு பாதரசம் வுடுவாங்க, ரசம் தங்கத்த புடிச்சிக்கும், அப்புறம் சூடு காட்டி ரசத்த ஓட்டிருவாங்க. அந்தப் புகை ரொம்பக் கெடுதல். எங்க பெரியப்பாக்கு வயசான காலத்துல கை நடுக்கம் நிக்கவே இல்ல, இதுலதான் வந்துச்சுன்னு வீட்ல சொல்லுவாங்க.

ஆத்துல எந்த எடத்துல தோண்டணும்னும் அவங்களுக்குக் கணக்கு இருந்துச்சு. ஆறு வளையுற எடத்துல உள்பக்கம், பெரிய பாறைக்குப் பின்பக்கம், எங்கெல்லாம் ஓட்டம் தளருதோ அங்க கனமானது படியும். நம்ம காவேரியில திட்டு விழற எடம் எல்லாம் அப்படித்தானே. கனோல போறவன் எங்க மணல்திட்டு தெரியுதோ அங்கல்லாம் எறங்கி ஒரு தட்டு அரிச்சுப் பாத்துட்டே போவான். 1858ல ஃப்ரேசர் ஆத்துக்கு வந்த கூட்டம் பூரா அப்படி ஒவ்வொரு திட்டா புடிச்சதுதான். ராக்கர்னு ஒரு பெட்டி, தொட்டில் மாதிரி ஒரு கையால ஆட்டிக்கிட்டே இன்னொரு கையால தண்ணி மொண்டு ஊத்துவாங்க.

நம்ம பக்கமும் 1880 வாக்குல கூடலூர் பக்கம் தேவாலா பந்தலூர்ல தங்கம்னு லண்டன்லேர்ந்து கம்பெனி மேல கம்பெனியா வந்து கொஞ்ச வருஷத்துல மூடிட்டுப் போனாங்க. அங்க உள்ளவங்க அதுக்கு முன்னாடியும் மரத்தட்டுல அரிச்சிக்கிட்டு இருந்தாங்க, அதுக்கப்புறமும் அரிச்சாங்க.

கடைமடை எழுதியது:

எல்லாரும் படகப் பத்தியும் தங்கத்தப் பத்தியும் எழுதிட்டீங்க. நான் விவசாயி, திருத்துறைப்பூண்டிக்குத் தெக்க, கடைமடை. தண்ணி வருமா வராதான்னு ஒவ்வொரு ஜூன் 12க்கும் மேட்டூரப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்குற ஆளு. அதனால எனக்கு அந்தப் பீவர்தான் மனசுல நிக்குது.

அது கட்டுற அணை நம்ம கொரம்பு மாதிரி. குச்சி, தழை, சேறு. தண்ணிய முழுசா நிறுத்தாது, தேக்கி மெதுவா வுடும், சுத்துப்பட்டு நெலத்துல ஈரம் நிக்கும், கோடையில ஓடை வத்தாது. வெள்ளக்காரங்க வர்றதுக்கு முன்னாடி வட அமெரிக்கால ஆறு கோடிக்கும் மேல பீவர் இருந்துச்சுன்னு மதிப்பீடு. அப்ப எத்தன கோடி கொரம்பு. 1900 வாக்குல கிட்டத்தட்ட காலி. புடிச்சது தொப்பிக்கு மட்டும் இல்ல, 1820கள்ல ஹட்சன்ஸ் பே கம்பெனி ஸ்னேக் ஆத்துப் பக்கம் வேணும்னே ஒண்ணு விடாம புடிக்கச் சொல்லி ஆள் அனுப்புனாங்க, பீவரே இல்லாட்டி அமெரிக்காக்காரன் இந்தப் பக்கம் வர மாட்டான்னு. அணைய பராமரிக்க ஆளு இல்லாம ஒடஞ்சு, ஓடை ஆழமா அரிச்சுக்கிட்டுப் போயி, புல்வெளி காஞ்சு போச்சு. அப்புறம் பட்டுத் தொப்பி வந்து பீவர் வெலையும் வுழுந்துச்சு. கடைசியா மலை வேட்டைக்காரங்க வருஷச் சந்தை கூடுனது 1840.

இன்னொண்ணு. தம்பி போட்டோல பாத்த படகக் கட்டுனாங்களே மண்டான் மக்கள், 1837ல தோல் வியாபாரத்துக்கு மிசௌரியில மேல வந்த ஒரு நீராவிக் கப்பல்ல பெரியம்மை வந்துச்சு. ஆயிரத்து ஐநூறு, ரெண்டாயிரம் பேருன்னு இருந்தவங்க நூத்தம்பதுக்கும் கீழ ஆயிட்டாங்க, ஒரு சில மாசத்துல. கயிறு கட்டி இழுத்த காலத்துல அஞ்சு மாசம் ஆன வழி அது. நீராவி வந்ததும் ஆளும் சரக்கும் சீக்கிரம் போச்சு, நோயும் சீக்கிரம் போச்சு. மிஞ்சுனவங்க பேரப்புள்ளைங்க இன்னைக்கும் நார்த் டகோட்டால இருக்காங்க, ஒங்க அக்கா மவன அவங்க ஊருக்கு ஒரு தடவ போயிப் பாக்கச் சொல்லுங்க.

வடவாறு வாத்தியார் எழுதியது:

கடைமடை அய்யா சொன்னது எனக்கு நெஞ்சுல தச்சிருச்சு.

கொள்ளிடக்கரை தம்பி, ஒண்ணு விட்டுப்போச்சு. 1806ல திரும்பி வர்றப்ப கிளார்க்கோட ஆளுங்கள்ல பிரையர்னு ஒரு சார்ஜன்ட், கூட மூணு பேரு, குதிரையெல்லாம் களவு போயி எல்லோஸ்டோன் கரையில நிக்கிறாங்க. மண்டான் ஊர்ல தங்குனப்ப பாத்த ஞாபகத்த வச்சு, ஒண்ணு முங்குனா இன்னொண்ணு இருக்கட்டும்னு ரெண்டு புல்போட் கட்டி ஆத்தோட எறங்கி முன்னால போன கிளார்க்க புடிச்சிட்டாங்க. கிளார்க் அந்தப் படகு அளவ எழுதிவச்சிருக்காரு, குறுக்களவு 7 அடி 3 அங்குலம், ஆழம் 16 அங்குலம், 15 வளைகுச்சி. ஒங்க வீட்டுப் பரிசல ஒரு டேப் வச்சு அளந்து பாருங்களேன்.

கொள்ளிடக்கரை எழுதியது:

அய்யா சொன்னதுமே இன்னைக்கு காலையில கொட்டாய்க்குப் போயிட்டேன். தாத்தாகூட தொழில் பாத்த சித்தப்பா ஒருத்தரு ஊர்ல இருக்காரு, 80 வயசு, அவரையும் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு பேருமா தூக்கி நிமித்துனோம். உள்ள ஒரே கரப்பான், கோழி ஒண்ணு அடை வச்சிருந்துச்சு, அத நவுத்தாம ஓரமா அளந்தோம்.

குறுக்களவு 7 அடி 5 அங்குலம். ஆழம் 19. மூங்கில் பத்தைய எண்ணுனா ஒரு பக்கம் 16, அந்தப் பக்கம் 16.

கயிறு கட்டி இழுத்தது, நெத்தியில பட்டை மாட்டித் தூக்குனது எல்லாத்தையும் சித்தப்பாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அவனுவோ தெனம் எத்தன மணிக்கு எறங்குவானுவோ"ன்னு கேட்டாரு. விடியறதுக்கு முன்னாடியேன்னு படிச்சதா சொன்னேன். "அப்பத்தான் காத்து இருக்காது"ன்னுட்டு பரிசலோட விளிம்புல ஒரு எடத்த தடவிக் காட்டுனாரு. அந்த எடத்துல மட்டும் மூங்கில் புதுசு, கட்டு வேற மாதிரி இருக்கு. ஒரு வெள்ளத்துல மரம் மோதி ஒடஞ்சத நடு ஆத்துலயே தாத்தா தன் வேட்டிய கிழிச்சுக் கட்டி கரை சேத்தாராம், பரிசல்ல அப்ப ஆறு பேரு, அதுல ஒருத்தங்க புள்ளத்தாச்சி. கரைக்கு வந்தப்புறம் மூங்கில் மாத்துனது சித்தப்பாதான்.

தார் வாங்கிட்டு வந்துட்டேன். சாக்கு எத்தன மடிப்புன்னு நாளைக்கு வந்து காட்டுறேன்னு சொல்லிருக்காரு. அக்கா மவனுக்கு போட்டோ எடுத்து அனுப்பணும்.